மறு: சிக்னலிங் – குறிகையாடலா, தூதா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் தொலைபேசிக் கலைச்சொல் பட்டியலில் 'சிக்னலிங்' என்பதற்கு, அதாவது அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் தொலைபேசி அமைப்புக்குள் பரிமாறப்படும் தகவலுக்கு, தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

'சமிக்ஞை' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அதைக் கேட்டதுமே சாலை விளக்குதான் நினைவுக்கு வருகிறது. மொரிஷியஸில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். இங்கே புழங்கும் பிரெஞ்சுச் சொல்லான 'சின்யாலிசாசியோன்', சாலைப் பலகைகளுக்கும் தொலைபேசிக்கும் பொது. தமிழிலாவது பிரித்து வைப்போமே.

மோக்காவிலிருந்து ஆசிரியை அம்மா முன்வைத்த 'குறிகையாடல்' நல்ல ஆக்கம். இருதரப்பும் பேசிக்கொள்வது அதில் தெரிகிறது. ஆனால் கூட்டுச்சொல்லாக்கிப் பாருங்கள்: 'பொதுத்தடக் குறிகையாடல் முறைமை' (காமன் சேனல் சிக்னலிங் சிஸ்டம்). இதை ஒருமுறை சொன்ன மாணவன் மறுமுறை 'சிக்னலிங்' என்றே சொல்லிவிட்டுப் போவான். நான் சொல்வது 'தூது'.

போர்ட் லூயியில் ஒருவர் மாஹேபூருக்குத் தொலைபேசியில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இணைப்பகம் (எக்ஸ்சேஞ்ச்) முதலில் அனுப்புவது குரலை அல்ல, ஒரு செய்தியை. அழைக்கப்படும் எண்ணும், அந்தப் பேச்சுக்காக ஒதுக்கிய சுற்றின் (சர்க்யூட்) எண்ணும் அதில் இருக்கும். எண் முழுமையாக வந்து சேர்ந்தது என்று எதிர்முனை பதில் அனுப்பும். அங்கே எடுத்துவிட்டால் இன்னொரு செய்தி; கட்டணக் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். அவர் வேறு பேச்சில் இருந்தாலோ, 17 என்ற காரண எண்ணோடு விடுவிப்புச் செய்தி திரும்பி வரும். சுற்று உடனே விடுபடும், 'பீப் பீப்' ஒலியை அழைத்தவரின் சொந்த இணைப்பகமே கொடுத்துவிடும். பழைய முறையில் அந்த ஒலி அந்தக் கோடியிலிருந்து, பேச்சுச் சுற்றைப் பிடித்துக்கொண்டே வரும். வெறும் ஒலிக்காக ஒரு சுற்று வீண். அரசர் அரண்மனையை விட்டு அசையவில்லை, போனவன் பதிலோடு வந்துவிட்டான். இது தூதில்லாமல் வேறென்ன?

பழையது, புதியது என இரண்டு வகைத் தூதுக்கும் பெயர் வைப்பதும் எளிது. இணைப்பகங்களுக்கு நடுவே பல பேச்சுகளை ஒன்றாகக் கொண்டுபோகும் இ-1 என்ற டிஜிட்டல் இணைப்பில் 0 முதல் 31 வரை 32 நேரத்துண்டுகள் (டைம் ஸ்லாட்), ஒவ்வொன்றும் வினாடிக்கு 64 கிலோபிட். 0-ஆம் துண்டு சட்டக ஒத்திசைவுக்கு, அதாவது துண்டுகளின் வரிசை எங்கே தொடங்குகிறது என்று எதிர்முனை அறிவதற்கு. 16-ஆம் துண்டை, பழைய முறையில், 30 பேச்சுத் தடங்களுக்கும் பங்கு போட்டுவிடுவார்கள்: 2 மில்லிவினாடிக்கு ஒருமுறை தடத்துக்கு 4 பிட். பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த 4 பிட் அந்தத் தடத்துக்கே. இதைத் 'தடவாரித் தூது' எனலாம். பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான சி.சி.ஐ.டி.டி. 1980-இல் பரிந்துரைத்த 7-ஆம் எண் சிக்னலிங் முறைமையில் பங்கு கிடையாது. எந்தச் சுற்றுக்குச் செய்தி வந்தாலும் ஒரே தடத்தில் வரிசையாகப் போகும். யாருக்கானது என்பதைச் செய்தியில் உள்ள சுற்று எண் சொல்லும். இது 'பொதுத்தடத் தூது'. இதற்கும் பல இடங்களில் 16-ஆம் துண்டையே எடுத்துக்கொள்வதால், சென்ற வாரம் ஒரு நண்பர் எழுதிய 'பதினாறாம் தடம்' என்ற பெயர் இரண்டையும் பிரித்துக் காட்டாது, தேறாது. மன்னிக்கவும்.

அப்புறம் தூதுச்செய்தி, தூதிணைப்பு (அது போகும் இணைப்பு), தூதுமுனை (அதை அனுப்பும், வாங்கும் இடம்) எல்லாம் தானாகவே அமைந்துவிடும்.

ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். கைபேசியல்லாத சாதாரணத் தொலைபேசியை எடுத்ததும் கம்பியில் மின்னோட்டம் பாய்கிறது, இணைப்பகம் அதை உணர்ந்து டயல் ஒலி தருகிறது. ஆங்கிலத்தில் இதுவும் சிக்னலிங்தான். இதைத் தூது என்றால் பொருந்தாது. வீட்டுக்கும் இணைப்பகத்துக்கும் நடுவே நடப்பதற்குக் 'குறிகை' போதும். இணைப்பகங்களுக்கு இடையே நடப்பதற்குத் 'தூது'. அவர்கள் ஒரே சொல்லில் அடக்கினார்கள் என்பதற்காக நாமும் அடக்க வேண்டியதில்லை.

ரோஸ்ஹில்லிலிருந்து,
ஓய்வுபெற்ற இணைப்பகத் தொழில்நுட்பர்

—

ஐயா, சரி, 'தூது' இருக்கட்டும். குறிகையாடலை நான் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வீட்டுப் பக்கத்துக்கு வெறும் 'குறிகை' என்றால் சிக்னலுக்கும் அதுவே வந்து நிற்குமே. அங்கே 'சந்தாதாரர் குறிகை' என்று முழுதாக எழுதுவோம். இன்னொன்று: செய்தியை வாங்கி வேறு முனைக்குத் தள்ளிவிடும் முனை இருக்கிறதல்லவா, அதற்கு 'இடைத்தூது முனை' எப்படி? பட்டியலில் இப்படியே சேர்த்துவிட்டேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்து டிரங்க். யாரோ அதற்குத் 'தண்டு' என்று போட்டிருக்கிறார்கள்! இரண்டு இணைப்பகங்களை இணைக்கும் சுற்றுதானே அது? நான் 'இடைச்சுற்று' என்று எழுதி வைத்திருக்கிறேன்.