பழைய ஆம்ப்ல ஸ்ட்ரீமிங்: ஒரே பேஸ், கரகரப்பு, கூடவே ஹம்... உதவி பண்ணுங்க

கேசட்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல அப்பாவோட பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒண்ணு இருக்கு, ஜப்பான் செட், சித்தப்பா துபாய்ல இருந்து வரும்போது கொண்டு வந்தது, கூட ரெண்டு பெரிய மர ஸ்பீக்கர். டேப் டெக் போயி பல வருஷம் ஆச்சு, ஆம்ப் மட்டும் இன்னிக்கும் கம்முனு ஓடுது. இப்ப ஃபோன்ல கேக்குற பாட்டையெல்லாம் இதுல கேக்கணும்னு ஆசை. ஆன்லைன்ல ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர் வாங்கினேன், டிஷ் மாட்ட வந்த தம்பியே பின்னாடி ஒயர் சொருகி குடுத்துட்டு போனார்.

பாட்டு வருது, ஆனா கேக்க முடியல. பேஸ் மட்டும் தும்தும்னு ஹாலே அதிருது, வயலின் குரல் எல்லாம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, வால்யூம் நாப்பை கடிகாரத்துல 8 மணி காட்ற இடத்துக்கு மேல திருப்பினா கரகரனு கிழியுது. பாட்டு இல்லாதப்பவும் உம்முனு ஒரு சத்தம். இது போக யாராச்சும் வாட்ஸப் அனுப்பினா டிங்குனு அதுவும் ஸ்பீக்கர்ல வருது, ஃபோனை எடுத்துட்டு கிச்சனுக்கு போனா பாட்டு விட்டு விட்டு வருது. கடையில கேட்டேன், ஆம்ப் பழசு சார் அதான், தூக்கி போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னு 45 ஆயிரத்துக்கு ஒண்ணு காட்றாங்க. நிஜமாவே ஆம்ப் தான் போச்சா? இல்ல வைஃபை ஸ்ட்ரீமர்னு சொல்றாங்களே அது வாங்கினா சரியாகுமா? பத்து பன்னெண்டு ஆயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம்.

பிட்ரேட்_பாண்டி:
ப்ரோ ப்ளூடூத்னாலே அப்படித்தான், எஸ்பிசிங்கற கோடெக்ல (பாட்டை சுருக்கி அனுப்புற முறை) எல்லாத்தையும் நசுக்கிடும். எல்டிஏசிங்கற இன்னொரு கோடெக்கை சப்போர்ட் பண்ற ரிசீவரா வாங்குங்க, 990 கேபிபிஎஸ் வரைக்கும் போகும், சவுண்ட் தெறிக்கும்.

மேலமாசிவீதி:
பாண்டி தம்பி, எஸ்பிசி எவ்வளவு மோசமா இருந்தாலும் ஹால் அதிர்ற அளவுக்கு பேஸ் ஏத்தாது, 8 மணியிலயே கிழியவும் கிழியாது. அவர் வச்சிருக்கறது ஐஃபோனா இருந்தா எல்டிஏசி வரவே வராது, அதுல எஸ்பிசியும் ஏஏசியும் தான்.

கேசட்பெட்டி சார், ஆம்புக்கு பின்னாடி அந்த ஒயர் எந்த ஓட்டைல சொருகியிருக்குன்னு டார்ச் அடிச்சு பாத்து சொல்லுங்க. பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே எழுதுங்க. அது தெரியாம எதையும் வாங்காதீங்க.

கேசட்பெட்டி:
அலமாரியை நகத்தி பாத்தேன் அண்ணே. இடதுல இருந்து ஃபோனோ, ட்யூனர், சிடி, ஆக்ஸ், அப்புறம் டேப்னு நாலு ஓட்டை. ட்யூனர்ல பழைய ரேடியோ பெட்டி, சிடில டிவிடி பிளேயர், ஆக்ஸ்ல டிவி. காலியா இருந்தது ஃபோனோவும் டேப்பும். தம்பி ஃபோனோல மாட்டியிருக்கார், ஃபோனுக்கு தானேன்னு நினைச்சிருப்பார் போல. பக்கத்துல ஒரு ஸ்க்ரூ கூட இருக்கு, ஜிஎன்டின்னு போட்டிருக்கு.

மேலமாசிவீதி:
அவ்வளவு தான் சார் மேட்டர். ஆம்ப் நல்லாத்தான் இருக்கு, ரிசீவரும் நல்லாத்தான் இருக்கு.

ஃபோனோங்கறது ரெக்கார்ட் பிளேயருக்கான ஓட்டை. அந்த ஸ்க்ரூ கூட பிளேயரோட எர்த் ஒயர் கட்றதுக்குத்தான். ரெக்கார்ட் ஊசில இருந்து வர்ற சிக்னல் சும்மா அஞ்சு மில்லிவோல்ட் இருக்கும், அதனால ஆம்ப் அந்த ஓட்டைக்குள்ள வர்றதை மட்டும் கிட்டத்தட்ட நூறு மடங்கு பெருக்கும். உங்க ரிசீவர் குடுக்கறதோ ஒரு வோல்ட்டு ரெண்டு வோல்ட்டு, அதைப் போயி நூறால பெருக்குனா கிழியாம என்ன பண்ணும்? இன்னொன்னு, ரெக்கார்ட் வெட்டும்போதே பேஸை குறைச்சு ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டுவாங்க, இல்லன்னா பேஸுக்கு பள்ளம் அகலமாயி ஒரு பக்கத்துல பாட்டு கொள்ளாது. அதுக்கு ஆர்ஐஏஏ கர்வ்னு பேரு, 1954ல இருந்து அமெரிக்கால ஸ்டாண்டர்டு ஆச்சு, அப்புறம் எல்லாரும் அதையே எடுத்துக்கிட்டாங்க. ஃபோனோ ஓட்டை அதை திருப்பி போடும், அதாவது அடி பேஸை 20 டெசிபல் கிட்ட ஏத்தும், உச்ச ட்ரெபிளை அதே அளவுக்கு இறக்கும். உங்க தும்தும்மும் இதான், போர்வையும் இதான். ஹம்மும் அநேகமா இதுல இருந்து தான், அவ்வளவு சென்சிட்டிவான ஓட்டை, பக்கத்துல ஒரு அடாப்டர் இருந்தாலே இழுத்துக்கும்.

ஆம்பை ஆஃப் பண்ணிட்டு ரிசீவரை டேப்புக்கு மாத்துங்க. டேப்ல நாலு ஓட்டைல ரெண்டு ரெக், ரெண்டு ப்ளே. ப்ளேல சொருகணும். ரெக்ல சொருகினா சத்தமே வராது, அது ஆம்புல இருந்து டெக்குக்கு வெளிய போற வழி. முன்னாடி டேப் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அதை அழுத்தினா பாட்டு வரும்.

கேசட்பெட்டி:
அண்ணே!! என்ன சொல்றதுன்னே தெரியல. இப்ப தான் மாத்தினேன். மிருதங்கத்துல வலந்தலை தனியா தொப்பி தனியா கேக்குது, தம்பூரா பின்னாடி நிக்கறது தெரியுது. ஹம்மு நின்னுடுச்சு, ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வச்சா தான் லேசா ஸ்ஸ்னு வருது. அப்பா வந்து உக்காந்துட்டார். 45 ஆயிரம் மிச்சம்.

ஆனா வாட்ஸப் டிங்கும் கிச்சன் பிரச்சனையும் அப்படியே இருக்கு. அதுக்கு ஸ்ட்ரீமர் தான் வழியா?

கம்பிவேலி:
ஆமா அக்கா/அண்ணா (யாருன்னு தெரியல, மன்னிக்கணும்). ப்ளூடூத்ல பாட்டை இழுத்து அனுப்புற வேலையை ஃபோனே பண்ணுது, அதனால ஃபோன்ல வர்ற சத்தம் எல்லாம் கூடவே போகும், ஃபோன் நகந்தா அறுந்துடும். ஸ்ட்ரீமர்ல ஸ்பாட்டிஃபை கனெக்ட் இருந்தா கதையே வேற, பெட்டி நேரா வைஃபைல இருந்து பாட்டை எடுத்துக்கும், ஃபோன் சும்மா ரிமோட் தான், கால் வந்தாலும் பாட்டு ஓடும், ஃபோனோட கடைக்கு போனாலும் ஓடும். கூகுள் காஸ்ட்டும் அப்படித்தான். ஆப்பிளோட ஏர்ப்ளேல மட்டும் பெரும்பாலும் ஐஃபோன் வழியா தான் பாட்டு போகும், ஆனா நோட்டிஃபிகேஷன் டிங் போகாது.

வாங்கறதுக்கு முன்னாடி நீங்க எந்த ஆப்ல கேக்கறீங்கன்னு பாத்துக்கோங்க, அதுக்கு ஏத்த பெட்டியா இருக்கணும். ஆண்ட்ராய்டு ஃபோன்ல யூட்யூப் மியூசிக்னா கூகுள் காஸ்ட் வேணும். ஆப்பிள் மியூசிக்னா ஏர்ப்ளே. பெட்டி மேல வைஃபைன்னு மட்டும் எழுதியிருந்தா பத்தாது. உங்க பட்ஜெட்ல வீம் (WiiM) கம்பெனி மாதிரி சின்ன பெட்டிங்க வருது, மாடலுக்கு மாடல் வசதி மாறும், லிஸ்டை படிச்சுட்டு வாங்குங்க. ஆப்டிகல் கேபிளுக்கு காசு குடுக்காதீங்க, உங்க ஆம்ப்ல அதுக்கு ஓட்டையே கிடையாது, சாதா சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஒயர் போதும்.

பிட்ரேட்_பாண்டி:
கூகுளோட பழைய ஸ்ட்ரீமர் க்ரோம்காஸ்ட் ஆடியோ செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குமே? இல்லன்னா ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஒரு டாக் போர்டு (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏத்த சிக்னலா மாத்துறது) மாட்டி மூட் ஆடியோங்கற சாஃப்ட்வேர் போட்டா சூப்பரா இருக்கும்.

மேலமாசிவீதி:
க்ரோம்காஸ்ட் ஆடியோ 2019லயே நிறுத்திட்டாங்க, இப்ப போயி அதை வாங்கணுமா. ராஸ்பெர்ரி பை எனக்கும் பிடிக்கும், என் வீட்ல அதான் ஓடுது, ஆனா எஸ்டி கார்டு என்னிக்கு படுக்கும்னு தெரியாது. அவங்க அப்பா பாட்டு கேக்கணும்பா, நம்மள மாதிரி உக்காந்து நோண்ட வேண்டாம்.

கேசட்பெட்டி:
அண்ணன் தான், கம்பிவேலி 😀. ஸ்ட்ரீமர் வந்துடுச்சு, ப்ளூடூத் ரிசீவரை கழட்டிட்டு அதே டேப் ப்ளேல மாட்டிட்டேன். என் ஆண்ட்ராய்டு ஃபோன்ல ஜம்முனு ஓடுது. ஆனா வீட்டுக்காரம்மா ஐஃபோன்ல பெட்டியே காட்ட மாட்டேங்குது. வைஃபை ஆன் தான். ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு.

கம்பிவேலி:
முதல்ல அவங்க ஃபோன் எந்த வைஃபைல இருக்குன்னு பாருங்க. நிறைய ஃபைபர் ரௌட்டர்ல 2.4, 5னு ரெண்டு பேர் வரும், அது பெரும்பாலும் பிரச்சனை இல்ல, ரெண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க் தான். கெஸ்ட்னு தனியா ஒண்ணு இருந்தா அதுல இருக்குற ஃபோனுக்கு வீட்ல இருக்குற மத்த சாமான் எதுவும் தெரியாது, வேணும்னே அப்படி பிரிச்சு வச்சிருப்பாங்க.

அது இல்லன்னா ஐஃபோன் செட்டிங்ஸ்ல ப்ரைவசிக்குள்ள லோக்கல் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கும், 2020ல ஐஓஎஸ் 14ல வந்தது. ஆப் முதல் தடவை கேக்கும்போது அவங்க வேண்டாம்னு அழுத்தியிருந்தா அப்புறம் அது கேக்கவே கேக்காது, நாமளா போயி ஸ்பாட்டிஃபைக்கும் ஸ்ட்ரீமர் ஆப்புக்கும் ஆன் பண்ணணும். விபிஎன் ஏதாவது போட்டிருந்தா அதையும் ஆஃப் பண்ணி பாருங்க.

கேசட்பெட்டி:
லோக்கல் நெட்வொர்க் தான்! ஆன் பண்ண உடனே வந்துடுச்சு. நன்றி நன்றி.

ராகமாலிகா:
கச்சேரி கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டு போறேன். ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸ்ல க்ராஸ்ஃபேடை ஆஃப் பண்ணிடுங்க, ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை ஒரு ட்ராக்னு வெட்டியிருப்பாங்க, க்ராஸ்ஃபேட் இருந்தா முடியற இடமும் எடுக்கற இடமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும். வால்யூம் லெவல் லௌட்ல இருந்தா நார்மலுக்கு மாத்துங்க, லௌட்ல வச்சா லிமிட்டர் போட்டு உச்ச சத்தத்தை அமுக்கிடும். குவாலிட்டி ஆட்டோமேட்டிக்ல விடாம கையால ஏத்துங்க, பிரீமியம்ல வெரி ஹைனா 320 கேபிபிஎஸ். யூட்யூப் மியூசிக்ல 256 தான் உச்சம்.

லாஸ்லெஸ் (எதையும் இழக்காம சுருக்கின பாட்டு) வேணும்னு அலையறவங்களுக்கு என் கருத்து: 78 ஆர்பிஎம் தட்டுல இருந்து ஏத்தின அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பாட்டை 24 பிட்ல குடுத்தாலும் அந்த தட்டுல இருக்கறது தான் வரும். அதை விட ஒரே பாட்டு நாலு ஆல்பத்துல இருக்கும், எது தட்டுல இருந்து நல்லா ஏத்தின ட்ரான்ஸ்ஃபர்னு கேட்டு பாத்து சேவ் பண்ணிக்கறது தான் பிரயோஜனம். அப்பாக்கு ஆகாசவாணி ராகம் சேனலும் போட்டு குடுங்க, 2016ல இருந்து நாள் முழுக்க சாஸ்திரிய சங்கீதம், நியூஸ்ஆன்ஏர் ஆப்ல காசில்லாம வருது.

கேசட்பெட்டி:
ராகம் போட்டாச்சு அக்கா, அப்பாக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா இப்ப அம்மா சண்டைக்கு வர்றாங்க, சாயந்தரம் டிவி போட்டா ஸ்பீக்கர்ல சத்தமே இல்லையாம். ஆக்ஸ்ல தான் திருப்பி வச்சிருக்கு, ஒயரும் டைட்டா இருக்கு.

மேலமாசிவீதி:
டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியே இருக்கும் சார். அது உள்ள இருக்கற வரைக்கும் வேற எதுவும் கேக்காது, முன்னாடி இருக்கற செலக்டர் நாப்பை எங்க திருப்பினாலும் சரி. அம்மா டிவி பாக்கறப்ப அதை வெளிய எடுக்க சொல்லுங்க. இல்ல இந்த தொல்லையே வேண்டாம்னா சிடில இருக்கற டிவிடி பிளேயரை கழட்டிட்டு ஸ்ட்ரீமரை அங்க போடுங்க. அந்த டிவிடி பிளேயரை கடைசியா எப்ப ஆன் பண்ணீங்க?

கேசட்பெட்டி:
தம்பி கல்யாண டிவிடி பாக்கறப்ப. கழட்டிட்டேன் அண்ணே, சிடில போட்டாச்சு. ஃபோனோ ஓட்டை மேல இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டேன், இனிமே டிஷ் தம்பி வந்தாலும் கவலை இல்ல.