எமாக்ஸ் டைரெட்டில் என்எஃப்எஸ் கோப்புறையின் பட்டியல் தாமதமாகவே புதுப்பிக்கப்படுகிறது

டெபியன் 12 (லினக்ஸ்), எமாக்ஸ் 28.2 (உரைத் திருத்தி). சென்ற மாதம் கோப்புகளை என்எஃப்எஸ் (பிணையம் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) சர்வருக்கு மாற்றியதிலிருந்து, எமாக்ஸில் கோப்புறையைப் பட்டியலிடும் டைரெட்டில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கியிருந்தும், வேறு கணினியில் அழிக்கப்பட்ட கோப்புகள் பட்டியலில் அப்படியே நிற்கின்றன, புதியவையும் தோன்றுவதில்லை. ‘ஜி’ விசையை அழுத்தினால் உடனே சரியாகிறது. உள்ளூர் வட்டில் இந்தச் சிக்கல் இல்லை.

என் அமைப்புகள் எதுவும் ஏறாதபடி ‘-க்யூ’ கொடுத்துத் திறந்தும் பயனில்லை. சர்வரில் பிறர் செய்யும் மாற்றங்களை ஐநோட்டிஃபை (கோப்பு மாற்றங்களைத் தெரிவிக்கும் லினக்ஸ் வசதி) அறிவிக்காது என்பதால், அதை நம்பியிராமல் ஐந்து விநாடிக்கு ஒருமுறை எமாக்ஸே கோப்புறையைச் சோதிக்குமாறு அமைத்தேன். இப்போது மாற்றங்கள் தாமாக வருகின்றன, ஆனால் சில வேளைகளில் அரை நிமிடத்துக்கும் மேலாகிறது. அதற்குள் டெர்மினலில் ‘எல்எஸ்’ கொடுத்தால் புதிய கோப்பு தெரிந்துவிடுகிறது. (கோப்பின் அளவு மட்டும் மாறும்போது பட்டியல் புதுப்பிக்கப்படாதது டைரெட்டின் இயல்பு, அதைப் பிழையாகச் சொல்லவில்லை.)

இத்தாமதம் என்எஃப்எஸ் கேஷில் (என் கணினியின் தற்காலிகச் சேமிப்பில்) தங்கும் கோப்புறையின் பழைய நேரமுத்திரையால் (கடைசியாக மாறிய நேரக் குறிப்பால்) வருகிறதா, எமாக்ஸ் சோதிக்கத் தவறுவதால் வருகிறதா என்பதை எந்தச் சோதனையால் உறுதிசெய்யலாம்?