சக்கர நாற்காலிக்கு மாறத் தயங்கும் அக்காவிடம் என்ன சொல்வது?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
வணக்கம். குழந்தையிலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கிய என் அக்காவுக்கு இப்போது 52 வயது. இத்தனை காலமும் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி), ஊன்றுகோல் துணையுடன் நடந்தவர். தோள்வலி மிகுந்துவிட்டதால் சக்கர நாற்காலிக்கு மாறும்படி மருத்துவர் கூறியிருக்கிறார். "அதில் உட்கார்ந்துவிட்டால் நான் முடங்கிவிட்டேன் என்றுதானே பொருள்" என்று அழுகிறார். சக்கர நாற்காலியால் அன்றாடம் கிடைக்கும் நன்மைகளை, அதைப் பயன்படுத்துவோரே எழுதினால், அவருக்குப் படித்துக்காட்டுவேன்.

பதில் 1 (செவ்வாய்ப்பேட்டை):
அம்மா, நானும் அதே நோயால் 30 ஆண்டுகள் ஊன்றுகோலுடன் நடந்தவன். இரு கைகளும் கோல்களைப் பிடித்திருந்தவரை, அடுப்படியில் நானே கலந்த காப்பியைக்கூடத் திண்ணைக்கு எடுத்துவர வேறொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. நாற்காலிக்கு மாறிய முதல் வாரத்தில், விளிம்பு உயர்ந்த தட்டொன்றை மடியில் வைத்து, அதில் இரண்டு டம்ளர்களை நிறுத்தி, தளும்பாமல் மெல்ல உருட்டிச் சென்று என் மனைவியிடம் கொடுத்தேன். திருமணமாகி 18 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. இப்போது உழவர் சந்தையிலிருந்து கீரைக்கட்டும் என் மடியில்தான் வருகிறது. முன்பு கடைத்தெருவை அடைவதற்குள்ளேயே தெம்பு தீர்ந்துவிடும். இன்று அந்தத் தெம்பு தட்டுவடை செட் கடையில் நண்பர்களுடன் ஒரு மணி நேரம் பேசுவதற்கு மிஞ்சுகிறது. முடங்கியிருந்தது முன்புதான் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

பதில் 2 (ஏற்காடு):
ஐயா சொன்னது முழு உண்மை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ஏற்கெனவே தோள் வலிப்பவர் கனமான நாற்காலியைக் கையால் தள்ளினால் வலி கூடும். பேட்டரி நாற்காலி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டு, இடுப்பளவு எடுத்தே வாங்குங்கள். வாசற்படி ஓரடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளமாவது இருக்கட்டும். மேடுபள்ளமான எங்கள் மலையில் இதன் அருமை நன்றாகத் தெரியும். முதுகுத்தண்டு அடிபட்டு நாற்காலிக்கு வந்தவள் நான். ஏரிக்கரைக்குப் போனால் என் பேத்தி மடியில் ஏறிக்கொள்வாள். அவள் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதால், காதோடு காதாக அவள் சொல்லும் கதைகளில் ஒன்றும் எனக்குத் தப்பாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு படித்துக்காட்டினேன், அக்கா வெகுநேரம் பேசவில்லை. காலையில் எழுந்ததும், அந்தத் தட்டின் விளிம்பு எத்தனை விரற்கடை உயரம் என்று கேட்கச் சொன்னார்.