பொருள்: கேம்பர் வண்டி வெந்நீர்க் கருவிக்குக் 'கொதிகலன்' ஒத்துவராது

குழுவினருக்கு வணக்கம்.

கேம்பர் வண்டியில், அதாவது தங்கிப் பயணிக்கும் வேனில், கேஸை எரித்து வெந்நீர் தரும் கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு 'நடமாடும் கொதிகலன்' என்று இருவர் பரிந்துரைத்திருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. கலன் என்றாலே தண்ணீரைக் கொள்ள வேண்டும். நம் கொங்கு வீட்டு வாசல்களில் விறகு போட்டு எரிக்கும் செப்பு பாய்லருக்கு அது பொருந்தும். மேலே பச்சைத்தண்ணீரை ஊற்ற ஊற்ற, உள்ளே காய்ந்து நிற்கும் தண்ணீர் மூக்கு வழியாக வரும். இந்தக் கேஸ் கருவியில் தண்ணீர் நிற்பதே இல்லை.

திருச்செங்கோட்டுப் பட்டறையில் ஒரு வேனுக்கு மாட்டும்போது கூடவே நின்று பார்த்தேன். 12 வோல்ட் பம்பைப் போட்டதும் தண்ணீர் பாய்கிறது, அந்த அழுத்தத்தில் கேஸ் வால்வு திறக்கிறது, டிக் டிக்கென்று பொறி தட்டி பர்னர் பிடித்துக்கொள்கிறது. குழாயை மூடினால் தீயும் அணைந்துவிடும். சுருள் குழாய்க்குள் ஓடுகிற நேரத்தில்தான் சூடு ஏறுகிறது. 10 கிலோவாட் சூடு தண்ணீரில் முழுசாக இறங்கினால், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் சுமார் 29 டிகிரி கூடும். ஏற்காட்டில் 15 டிகிரித் தண்ணீர் பிடித்தாலும் 44தான். குளிக்கத் தாராளம், கொதிக்கிற பேச்சே இல்லை.

அதனால் என் பரிந்துரை: ஓடுநீர்ச் சூடேற்றி. ஓட்டம் இல்லையேல் தீ இல்லை என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. 'உடனடிச் சூடேற்றி' வேண்டாம். 3 லிட்டர் தொட்டி வைத்த கரண்ட் கீசரையும் கடையில் 'இன்ஸ்டன்ட்' என்றுதான் விற்கிறார்கள்.

கையில் எடுத்துப் போகும் வகைக்குத் 'தூக்கு' என்று முன்னால் சேர்க்கலாம். தூக்குப்போசி (கைப்பிடி போட்டுத் தூக்கிப்போகும் பாத்திரம்) தெரிந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. 'கையடக்க' சரிவராது, சிலிண்டரும் கூட வருகிறதே.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். கருவியின் பெயருக்கு அடுத்த வரியே 'வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில் மட்டும்' என்று இருக்க வேண்டும். மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய குளியலறையில் கேஸ் கீசரால் எத்தனை உயிர் போயிருக்கிறது! கதவு திறந்திருக்கிறதே என்று வேனுக்குள் வைப்பதும் கூடாது.

அப்புறம், காற்றில் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்புக்கு 'அணைவுக் காப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். தீயணைப்போடு குழம்புமோ என்று ஒரு தயக்கம். இதைவிடத் தெளிவாக ஒன்று அகப்பட்டால் சொல்லுங்கள்.