ஆச்சி வீட்டுக் குழு: ஜிரோனா மலையில் மூன்று நாள்

வியாழன், மாலை

கார்த்திகா: செந்தில் அண்ணா, அக்டோபர் கடைசி வாரம் லீவு கிடைத்துவிட்டது. கிரேவல் சைக்கிளோடு ஸ்பெயினுக்கு, உங்கள் ஜிரோனாவுக்கு வருகிறேன். மூன்று நாளுக்கு வழி போட்டிருக்கிறேன். வெள்ளி 95 கி.மீ., சனி 110, ஞாயிறு 120. பார்த்துச் சொல்லுங்கள்.

(மூன்று வரைபடங்கள்)

செந்தில் அண்ணா: வா வா. ஹோட்டல் போட்டுவிடாதே, வீடு இருக்கிறது. இப்போது ஆபீசில் இருக்கிறேன், ராத்திரி பார்க்கிறேன்.

வள்ளி அத்தை: உன்னிடம் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்ததே. அதற்குள் இன்னொன்றா?

அருண் அத்தான்: அம்மா, அது தார் ரோட்டுச் சைக்கிள். இதுவும் பார்க்க அப்படித்தான், ஹேண்டில்பார் வளைந்திருக்கும். டயர் மட்டும் தடிமன். ஜல்லி, மண், காட்டுப் பாதை எல்லாவற்றிலும் போகலாம்.

பெரியப்பா: இங்கே தெருவில் தார் போடச் சொல்லி மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் காசு கொடுத்து ஜல்லி தேடிப் போகிறீர்கள்.

செந்தில் அண்ணா: தார் ரோடு என்றால் பின்னாலேயே கார் வரும் அப்பா. காட்டுப் பாதையில் ஒரு டிராக்டர் எதிரே வந்தால் அதிசயம்.

வியாழன், இரவு

செந்தில் அண்ணா: கார்த்தி, மூன்றையும் பார்த்தேன். கிலோமீட்டரை விடு, மொத்த ஏற்றத்தைப் பார். உன் ஞாயிற்றுக்கிழமை வழியில் 2,600 மீட்டர் காட்டுகிறது. இந்த ஊர் மலைகளைப் பார்த்தால் குன்று மாதிரி சாதுவாக இருக்கும். கவாரஸ் மலைத்தொடரின் உச்சியே 530 மீட்டர் சொச்சம்தான். அதை நம்பித்தான் எல்லோரும் 120 கி.மீ. போடுகிறார்கள். ஆனால் இங்கே ஒரு நீள ஏற்றம், ஒரு நீள இறக்கம் என்று இருக்காது. 80 மீட்டர் ஏறு, ஓடைக்கு இறங்கு, திரும்பவும் ஏறு. நாள் முழுக்க இதுதான்.

கார்த்திகா: போன வருடம் ஜெர்மனியில் கறுப்புக் காட்டில் (பிளாக் ஃபாரஸ்ட்) 100 கி.மீ. சிரமமே இல்லாமல் போனேனே அண்ணா.

செந்தில் அண்ணா: அங்கே மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட பாதை. லாரி ஏறும் சாய்வில் நீயும் ஏறிவிடலாம். இங்கே காட்டுத் தீயை மறிக்க வெட்டிய பாதைகள் நிறைய, அவை மலை முதுகிலேயே நேராக ஏறும். சில இடத்தில் திடீரென்று சிமெண்ட் தளம் வரும். அப்பாடா என்று நினைக்காதே. மழையில் மண் அடித்துப் போகிற அளவுக்குச் செங்குத்தான இடத்தில்தான் சிமெண்ட் போடுவார்கள். 100 மீட்டருக்கு 15, 18 மீட்டர் ஏறும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தே மிதித்தால் முன் சக்கரம் தூக்கும்.

வள்ளி அத்தை: இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதானே?

செந்தில் அண்ணா: எல்லோரும் அதைத்தான் செய்கிறோம் அத்தை. படம் மட்டும் ஏறி முடித்த பிறகு எடுப்போம்.

அருண் அத்தான்: டயர் என்ன அளவு? கியர்?

கார்த்திகா: டயர் அகலம் 38 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ. முன்னால் 46 பல், பின்னால் பெரியது 34.

அருண் அத்தான்: 😬

செந்தில் அண்ணா: அருண் போட்ட முகம்தான் என் முகமும். பின்னால் 42 பல் வரை போகிற கேசட் (பல்சக்கர அடுக்கு) மாட்டு, முன்னால் 40. பெடல் ஒரு சுற்று வரும்போது சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாக உருள வேண்டும், அப்போதுதான் சிமெண்டில் முட்டி தப்பிக்கும். கியர் மாற்றுகிற டீரெய்லர் 42 தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள். டயர் 45. உன் எடைக்குக் காற்று 30 போதும், பின்னால் கூட 2 வை.

கார்த்திகா: 30 ரொம்பக் குறைவு இல்லையா? சைக்கிள் இழுக்காதா?

அருண் அத்தான்: தாரில்தான் இழுக்கிற மாதிரி தோன்றும். கல்லில் காற்று அதிகமாக இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நீயும் சைக்கிளும் சேர்ந்து எம்பிக் குதிப்பீர்கள், மிதித்த பலமெல்லாம் அந்தக் குதிப்பில் போய்விடும். காற்று குறைந்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும். டியூப் இல்லாத டியூப்லெஸ்தானே? ஓட்டை அடைக்கிற சீலண்ட் திரவம் ஊற்றி எத்தனை மாதம் ஆகிறது? காய்ந்திருந்தால் முள் குத்தும்போது அடைக்காது.

கார்த்திகா: பார்க்கிறேன் அத்தான்.

வெள்ளி, காலை

பெரியப்பா: 🌻 இனிய காலை வணக்கம் 🌻

செந்தில் அண்ணா: என் யோசனை இதுதான். முதல் நாள் பழைய ரயில் பாதை. ஓலோட் ஊரிலிருந்து ஜிரோனாவுக்குக் குறுகிய பாதை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1969-இல் நிறுத்தி, தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது முழுக்கச் சைக்கிள் பாதை, மொத்தம் 57 கி.மீ. நீ இங்கிருந்து வழியில் உள்ள அமேர் ஊர் வரை போய்த் திரும்பினால் 50 வரும். ரயில் போன பாதை என்பதால் சாய்வு எங்குமே கொடூரமாக இருக்காது. புது டயரும் புதுக் காற்றும் பழகிக்கொள்.

பெரியப்பா: என்ன கேஜ்?

செந்தில் அண்ணா: 750 மில்லிமீட்டர்.

பெரியப்பா: ஊட்டி ரயிலே மீட்டர் கேஜ், 1,000. அதைவிடக் கால் பங்கு குறைவு. பெட்டி ரொம்பச் சின்னதாக இருந்திருக்கும். நீராவியா?

செந்தில் அண்ணா: ஆரம்பத்தில் நீராவிதான் அப்பா.

வள்ளி அத்தை: முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தும் ஆசை தீரவில்லை அண்ணனுக்கு.

செந்தில் அண்ணா: சனிக்கிழமை கவாரஸ். 60 கி.மீ., ஏற்றம் 1,100 மீட்டர் மாதிரி வரும், அதற்கு மேல் வேண்டாம். எல்ஸ் ஆஞ்சல்ஸ் மாதா கோயில் வழியாகப் போகலாம். ஓவியர் டாலி 1958-இல் காலாவைக் கோயில் முறைப்படி கல்யாணம் செய்தது அங்கேதான். மேலே நின்றால் வானம் தெளிவாக இருக்கிற நாளில் ஒரு பக்கம் பைரனீஸ் மலை, இன்னொரு பக்கம் கடல். அப்புறம் காட்டுக்குள் இறங்கினால் கார்க் மரங்கள். இந்தப் படத்தைப் பார்.

(படம்)

கார்த்திகா: ஏன் அடிமரம் மட்டும் சிவப்பாக இருக்கிறது?

செந்தில் அண்ணா: கோடையில் பட்டை உரித்திருக்கிறார்கள். புதிதாக உரித்தால் செங்காவி, வருடம் போகப் போகக் கறுக்கும், திரும்பப் பட்டை கட்டும். அடுத்து உரிக்க 12, 14 வருடம் ஆகும். அந்தத் தடிமன் பட்டைதான் தீ வந்தால் மரத்தைக் காப்பாற்றுவதும். பாட்டில் மூடிக்காக உரித்துவிட்டால், அது வளரும் வரை மரத்துக்கு அந்தக் காப்பு குறைவு.

அருண் அத்தான்: அந்த இடத்தில் தரை எப்படி மச்சான்? மணலா?

செந்தில் அண்ணா: கருங்கல் உதிர்ந்து உண்டான பருமணல் பல இடத்தில். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, ஒட்டாது. ஆனால் காய்ந்த வளைவில் பிரேக் பிடித்தால் சக்கரம் போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தொடக் கூடாது. கார்த்தி, ஒரு சின்னப் பழம் பார்ப்பாய், லிச்சி மாதிரி சொரசொரவென்று சிவப்பாக. அதே கிளையில் வெள்ளைப் பூவும் தொங்கும். பூ பழமாக ஒரு வருடம் ஆவதால் போன வருடத்துப் பழமும் இந்த வருடத்துப் பூவும் ஒன்றாக நிற்கும். சாப்பிடலாம், நாலைந்தோடு நிறுத்திக்கொள்.

வள்ளி அத்தை: காட்டுப் பழத்தை எல்லாம் தின்னச் சொல்லாதே. அவள் சைவம் வேறு, அங்கே என்ன கிடைக்கும்?

செந்தில் அண்ணா: ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புப் போட்டுத் தருவார்கள் அத்தை. சீஸ் வைத்தும் கேட்கலாம். எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். ஆனால் மதியச் சமையலறை மூன்றரைக்கு மேல் திறந்திருக்காது, அதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். தண்ணீர் இரண்டு பாட்டில் அவசியம். வழியில் குழாய் இருக்கும், சிலவற்றில் குடிக்க ஆகாது என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பிடிக்காதே.

கார்த்திகா: ஞாயிறு அந்த 120?

செந்தில் அண்ணா: அதை அழித்துவிடு. இது காட்டுப்பன்றி வேட்டைக் காலம், சனி ஞாயிறு காலையில் கூட்டமாக வருவார்கள். பாதை தொடங்குமிடத்தில் பலகை வைத்திருப்பார்கள். பார்த்தால் திரும்பிவிடு, வாதாடாதே.

வள்ளி அத்தை: துப்பாக்கியா???

பெரியப்பா: ஏலே செந்தில், இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா?

செந்தில் அண்ணா: அப்பா, பலகை தாண்டாதவரை பயமில்லை. சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன், பலகை இருந்தால் வழியை மாற்றிக்கொள்வோம். பளிச்சென்ற சட்டை கொண்டு வா கார்த்தி, அந்தக் கறுப்புச் சட்டை வேண்டாம். ஞாயிறு பான்யோலஸ் ஏரிப் பக்கம் போகலாம், 1992 ஒலிம்பிக் படகுப் போட்டி நடந்த ஏரி. வயல், சின்னக் கிராமம், மெல்லிய ஏற்றம். 45 கி.மீ. போதும்.

கார்த்திகா: 😞 மூன்று நாளும் சேர்த்து 155 தானா. பேசாமல் ஜூலையில் வந்திருக்கலாம், பொழுதாவது நீளம்.

செந்தில் அண்ணா: ஜூலையில் வெயில் உருக்கிவிடும். தீ அபாயம் உச்சத்துக்குப் போனால் காட்டுக்குள் நுழையவே தடை போட்டுவிடுவார்கள். பொழுதைப் பற்றிச் சொன்னாயே, நீ வருகிற ஞாயிறு அதிகாலைதான் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அன்று மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். 120 கி.மீ. வைத்திருந்தாயே, கடைசி இரண்டு மணி நேரம் இருட்டில், பன்றிகளோடு.

அருண் அத்தான்: மச்சான் முடித்துவிட்டான் 😂

கார்த்திகா: சரி, சரி. கடையில் பேசிவிட்டேன். திங்கள் கேசட், செவ்வாய் டயர். 42 பல் என் டீரெய்லருக்குப் பொருந்துமாம். பார்சிலோனாவிலிருந்து ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா?

செந்தில் அண்ணா: அதிவேக ரயில் 40 நிமிடத்தில் வரும், ஆனால் சைக்கிளைக் கழற்றிப் பையில் கட்ட வேண்டும். சாதாரண ரயிலில் அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம், ஒன்றரை மணி நேரம் ஆகும். அதிலேயே வா. டயருக்குக் காற்றடிக்கிற சின்னக் காற்றுக் குப்பி விமானத்தில் கொண்டு வராதே, அனுமதி கேட்டு அலைய வேண்டும். இங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம். கைப் பம்ப் மட்டும் எடுத்து வை.

வள்ளி அத்தை: ஹெல்மெட்?

செந்தில் அண்ணா: ஊருக்கு வெளியே சட்டப்படியே கட்டாயம் அத்தை.

பெரியப்பா: கார்த்தி, அமேரில் பழைய ஸ்டேஷன் கட்டடம் நின்றால் படம் எடுத்து அனுப்பு. உன்னை எடுக்க வேண்டாம், பிளாட்பாரத்தின் உயரம் தெரிகிற மாதிரி எடு.

கார்த்திகா: பெரியப்பா!! 😄 சரி, டேப் வைத்து அளந்தே அனுப்புகிறேன்.