சென்டர்போர்டு கேஸ் அடியில் விரிசல்: ஜெல்கோட் மட்டுமா, உள்ளே ஃபைபரும் போயிருக்கிறதா?

கொண்டல்:
எண்டர்பிரைஸ் டிங்கி (சின்னப் பாய்மரப் படகு), 13 அடி 3 அங்குலம். ஃபைபர் உடல், மரத்தாலான சென்டர்போர்டு (நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை). அந்தப் பலகை ஏறி இறங்கும் பெட்டியான கேஸ் தரையோடு சேரும் மூலையில், அணியத்துப் பக்கமாக விரிசல். இடப்பக்கம் 14 செ.மீ. நீளத்துக்கு ஒரே கோடு. வலப்பக்கம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். எதிர்காற்றில் அரை மணி நேரம் ஓட்டினால் தரையில் இரண்டு மூன்று குவளை தண்ணீர் நிற்கிறது. மேலே ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பக்க வழவழப்பான பூச்சு) பூசினால் போதுமா? காசிமேட்டுப் படகுப் பட்டறையில் மேட் (கண்ணாடி நார் விரிப்பு), ரெசின் போட்டு ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார்கள்.

ஏராப்பலகை:
வலப்பக்கக் கீறல் மேல்பூச்சோடு நிற்கலாம். இடப்பக்கம் கேஸை ஒட்டியே ஓடுகிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான். மூன்று சோதனை செய்யுங்கள்.

படகைப் பக்கவாட்டில் சாய்த்து, பலகையை முழுக்க இறக்கி, அதன் நுனியை மெதுவாக இங்கும் அங்கும் தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் விரிசலைப் பாருங்கள். வாய் திறந்து மூடினால் உள்ளே ஃபைபர் அறுந்திருக்கிறது.

இரண்டாவது, ஒரு ரூபாய் நாணயத்தால் விரிசலைச் சுற்றித் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்று வரும். அடுக்கு விட்ட இடத்தில் 'பொத்' என்று செத்த சத்தம். அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் விரிசலைவிட அது பெரிதாக இருக்கும்.

மூன்றாவது கசிவு. பலகையைக் கழற்றிவிட்டு பிவட் போல்ட்டை (பலகை சுழலும் அச்சு) பழைய வாஷரோடு திரும்ப முடுக்குங்கள். அடியில் பலகை வெளியே வரும் ஸ்லாட்டின் நீளத்துக்கு ஃபோம் ஒட்டிய பிளைவுட் பட்டை வைத்து ஆப்பு கொடுங்கள். சாயம் கலந்த தண்ணீரை முதலில் போல்ட்டுக்குக் கீழ் மட்டம் வரை ஊற்றி 15 நிமிடம் பாருங்கள், பிறகுதான் போல்ட்டுக்கு மேலே. வாஷர் ஒழுகினாலும் தண்ணீர் அதே மூலையில்தான் வந்து நிற்கும். அதைப் பார்க்காமல் ஃபைபரைக் குடைந்து பயனில்லை.

பிசின்கை:
பட்டறைக்காரர்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை. ஆனால் மீன்பிடிப் படகில் தடிமனாகப் போட்டுச் சமாளிக்கலாம், டிங்கியில் முடியாது. அவர்கள் போடும் பாலியஸ்டர் ரெசின், காய்ந்த பழைய ஃபைபரை எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் அளவுக்குப் பிடிக்காது. இந்த மூலையில் உரித்தெடுக்கும் விசைதான் வருகிறது, அதனால் எபாக்ஸிதான்.

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவைத்து, ஒரு அடிச் சதுர பாலிதீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் போகவில்லை. காய்ந்ததும் அசிட்டோனால் துடைத்து, *அதன் பிறகு* தேயுங்கள். வரிசை மாறினால் மெழுகையும் எண்ணெயையும் ஃபைபருக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள்.

ஃபைபருக்குள் தெரியும் விரிசலின் வெள்ளைக் கோடு மறையும் வரை குடைய வேண்டும். தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு: 3 மி.மீ. ஃபைபர் என்றால் 36 மி.மீ. அகலம். கடைசியாக 80 நம்பர் உப்புத்தாள். தூசிக்கு முகமூடி கட்டாயம்.

எபாக்ஸியோடு சிலிக்கா பொடியைப் பீநட் பட்டர் பதத்துக்குக் குழைத்து, மூலையில் 15 மி.மீ. ஆரத்துக்கு வளைவாக இழுங்கள். கூர்மூலையில் துணி மடங்காது, அடியில் காற்று நிற்கும், அடுத்த விரிசல் அங்கேதான் தொடங்கும். வளைவு இறுகத் தொடங்கும்போதே சதுர மீட்டருக்கு 400 கிராம் பைஆக்ஸியல் துணி (இரண்டு திசையில் நூல் ஓடும் கண்ணாடி நார்த் துணி), நூல் ±45 டிகிரியில், 75, 100, 125, 150 மி.மீ. என நான்கு பட்டை. கடைகளில் கிடைக்கும் சாதா மேட் வேண்டாம். அதன் பசை பாலியஸ்டரின் ஸ்டைரீனில் கரையும், எபாக்ஸியில் கரையாது, துணி விறைத்தே நிற்கும்.

சென்னை வெயிலில் ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள். குவளையிலேயே விட்டால் புகைந்து கட்டியாகும். ஹார்ட்னர் அளவு டின்னில் உள்ளபடி, தராசில் நிறுத்து. சீக்கிரம் இறுக அதிகம் ஊற்றுவது பாலியஸ்டர் பழக்கம். எபாக்ஸியில் அது இறுகாத ரப்பராக நிற்கும்.

வாடைக்காற்று:
ஒட்டுவதோடு விட்டால் திரும்ப விரியும். பலகை கேஸுக்குள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தீர்களா? பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி போதும். 5 மி.மீ. இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் பலகை சுவரைக் குத்துகிறது. பலகையின் தலைப்பகுதியில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டி இறுக்குங்கள். கேஸ் மேல்விளிம்பு குறுக்குப் பலகையோடு சேரும் திருகுகளையும் பாருங்கள். அங்கே தளர்ந்தால் கேஸ் முழுக்க அடிமூலையில் மட்டும் தொங்குகிறது. கவிழ்ந்த படகை நிமிர்த்தும்போது பலகையின் நுனியில் ஏறி நிற்பதும் ஒரு காரணம். படகின் உடலை ஒட்டி நில்லுங்கள்.

கொண்டல்:
போல்ட்டுக்குக் கீழே நிறுத்தியபோதே இடப்பக்கம் சாயம் வந்தது. போல்ட் கசியவில்லை, ஆனால் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது. பலகை ஆட்டம் 4 மி.மீ. மேலே ஜெல்கோட் போடலாமா?

பிசின்கை:
8 மி.மீ. போல்ட் என்றால் துளையை 14க்குப் பெரிதாக்கி, கெட்டி எபாக்ஸி நிரப்பி, மறுபடி 8 துளையிடுங்கள். ஜெல்கோட் எபாக்ஸி மேல் ஒழுங்காக இறுகாது. மேலே படியும் பிசுபிசுப்பைத் தண்ணீரும் நாரும் வைத்துத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்டு, இரண்டு கலவை பாலியூரித்தேன் பெயின்ட் அடியுங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்ணீரில் இறக்குங்கள்.