இரண்டு மணி நேரம் முடிவதற்குள்

குழு: நம் குடும்பம்
சனிக்கிழமை

[காலை 8.05] நான்: எல்லாருக்கும் காலை வணக்கம். ஆறு ஆண்டுகளாக நான் காத்திருந்த கேம் நேற்று நள்ளிரவில் வெளியானது. எப்படி இருக்கிறது என்று சித்தியும் மாமாவும் தனித்தனியே கேட்டிருந்ததால் இங்கேயே எழுதிவிடுகிறேன். தாத்தாவுக்குக் குரல் பதிவு சரியாகக் கேட்காது என்பதால் தட்டச்சு செய்தே அனுப்புகிறேன். கேம் ஒழுங்காக ஓடவில்லை. ஒருவர் மட்டும் விளையாடும் கதை கேமுக்குள் நுழையவே சர்வர் (நிறுவனத்தின் மையக் கணினி) வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. உள்ளே போன பிறகு என் கதாபாத்திரம் இருமுறை தரையைத் துளைத்துக்கொண்டு கீழே விழுந்தது. தெருவில் திரும்பினாலே படம் தடுக்கித் தடுக்கி நகர்கிறது. மூன்று முறை எல்லாமே உறைந்துபோய் நான் கணினியை அணைத்துத் தொடங்கினேன். இரவு முழுவதும் தூங்கவில்லை.

[காலை 8.17] தாத்தா: ஒரு வேலையை முடிக்காமலேயே முடிந்தது என்று சொல்லி எப்படி விற்கிறார்கள்? வாங்குவதற்கு முன்னால் நீ பார்த்துத்தானே வாங்கினாய்?

[காலை 8.29] நான்: பார்க்க வழியில்லை, தாத்தா. நான்கு மாதங்களுக்கு முன்பே ப்ரீ-ஆர்டர், அதாவது முன்பதிவு, செய்து முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். அப்போது எங்களுக்குக் காட்டப்பட்டவை ட்ரெய்லர்கள் மட்டும்தான். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி கொடுத்திருந்தாலும், கேம் விற்பனைக்கு வரும் அதே நிமிடம் வரை எதையும் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்திருந்தார்கள். அதனால் அவர்கள் "பொறுங்கள்" என்று எழுதியதை நாங்கள் படித்தபோது எங்கள் கணினிகளில் கேம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. குறைகள் இருப்பதை என்னால் மன்னிக்கமுடிகிறது. அவை தெரிந்திருந்தும் எங்களிடமிருந்து மறைக்கப்பட்டதைத்தான் பொறுக்கமுடியவில்லை.

[காலை 8.41] மாமா: மருமகனே, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. நாங்கள் விளையாடிய காலத்தில் கேம், கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் வந்தது. ஒருமுறை தொழிற்சாலையை விட்டுப் போய்விட்டால் திருத்தவே முடியாது என்பதால் முடித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். இப்போது இணையம் வழியாக பேட்ச், அதாவது குறைகளைச் சரிசெய்யும் திருத்தம், அனுப்பமுடிகிறது என்பதை நல்லதாகவே எடுத்துக்கொள். சில மாதங்கள் பொறுத்திரு. நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேம் 2016 ஆகஸ்டில் வெளிவந்தபோது எவ்வளவு திட்டு வாங்கியது. இன்று அதை எத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்? சைபர்பங்க் 2077 என்ற கேமின் கதையும் அதுதானே?

[காலை 8.58] அக்கா: மாமா, கார்ட்ரிட்ஜ் காலத்திலும் எல்லாமே முடிந்து வரவில்லை. 1982-இல் அட்டாரி நிறுவனம் ஈ.டி. திரைப்படத்தை வைத்து ஒரு கேமைப் பண்டிகை விற்பனைக்காக ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் எழுதி முடிக்கவைத்தது. விற்காமல் தேங்கிய கார்ட்ரிட்ஜ்களை அடுத்த ஆண்டு நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக்கிடங்கில் புதைத்தார்கள், 2014-இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள். தேதியை முதலில் முடிவுசெய்துவிட்டு வேலையை அதற்குள் திணிக்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

சைபர்பங்க் பற்றி நீங்கள் சொல்வது பாதி உண்மைதான். அது 2020 ஏப்ரலில் வருவதாக இருந்தது. பிறகு செப்டம்பர், பிறகு நவம்பர், கடைசியாக டிசம்பர் 10 என்று தள்ளிக்கொண்டே போனார்கள். வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டும் கொடுத்தார்கள். அதிலும் தாங்களே பதிவுசெய்த காட்சிகளைக் காட்ட அவர்களுக்கு அனுமதியில்லை. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் (கேம் விளையாடும் கருவிகளில்) அது எந்த நிலையில் ஓடியது என்பது பணம் கட்டியவர்களுக்கு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. முன்பதிவு செய்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 80 லட்சம் பேர். தயாரிப்புச் செலவும் அந்த ஆண்டின் விளம்பரச் செலவும் முன்பதிவுத் தொகையிலேயே திரும்பிவிட்டன என்று அந்த நிறுவனமே வெளியான மறுநாள் அறிவித்தது. அதாவது, கேம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு வாடிக்கையாளர்கூடச் சொல்வதற்கு முன்பே போட்ட பணம் வந்துவிட்டது. நேற்று வெளியான இந்தக் கேமிலும் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

[காலை 9.04] மாமா: ஆனால் பிறகு திருத்தினார்களே, அம்மா?

[காலை 9.12] அக்கா: திருத்தினார்கள், அதை நான் மறுக்கவில்லை. வெளியாகி ஏறத்தாழ ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் மீண்டும் வைத்தது. 2.0 என்ற பெரிய பேட்ச் 2023 செப்டம்பரில் வந்தது. இடையில் போனது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். முதல் நாள் வாங்கியவர் முழுப் பணம் கொடுத்து அந்த மூன்று ஆண்டுகளும் சோதனையாளராக இருந்தார். மூன்று ஆண்டு கழித்து வாங்கியவர் தள்ளுபடியில் நல்ல கேமை வாங்கினார். அதிகம் நம்பியவருக்கே அதிக இழப்பு என்பது எந்த வகையில் நியாயம்? நோ மேன்ஸ் ஸ்கையை எழுதியது சிறிய குழு; பிறகு வந்த மேம்பாடுகள் அனைத்தையும் இலவசமாகவே கொடுத்தார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குக் கேடயமாக எடுத்துக்கொள்வதை ஏற்கமுடியாது.

[காலை 9.16] நான்: எல்லாரும் திருத்துவதும் இல்லை, மாமா. ஆந்தெம் என்ற கேம் 2019 பிப்ரவரியில் வந்தது. முழுவதுமாகச் சீரமைக்கப்போவதாகச் சொன்னார்கள், நானும் நம்பி வைத்திருந்தேன். 2021 பிப்ரவரியில் அந்தச் சீரமைப்பைக் கைவிட்டார்கள். 2026 ஜனவரியில் சர்வர்களையும் மூடினார்கள். அது சர்வர் இல்லாமல் ஓடாத கேம். நான் வாங்கியது இன்று என்னிடம் வெறும் படக்குறியாக இருக்கிறது.

[காலை 9.21] தம்பி: அண்ணா, அந்த ப்ரோகிராமர்கள் எல்லாரும் சோம்பேறிகள். சோதித்துப் பார்க்காமலேயே வெளியிட்டிருக்கிறார்கள். தரையைத் துளைத்து விழுவதைக்கூடவா ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள்?

[காலை 9.37] அக்கா: தம்பி, இதை மட்டும் நீ திருத்திக்கொள்ளவேண்டும். நான் பத்து ஆண்டுகளாக மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவள். பார்த்திருப்பார்கள். அண்ணன் சொன்ன ஒவ்வொரு குறையும் ஏதோ ஒரு சோதனையாளரால் எண் இடப்பட்டு, எப்படிச் செய்தால் அது மறுபடி நிகழும் என்ற விளக்கத்தோடு, பல மாதங்களுக்கு முன்பே பட்டியலில் ஏறியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியும். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு எதைத் திருத்துவது, எதை "முதல் நாள் பேட்ச்" பார்த்துக்கொள்ளும் என்று தள்ளுவது என்பதை முடிவுசெய்வார்கள். அந்தக் கூட்டத்தில் சோதனையாளரின் குரலுக்குக் கனம் குறைவு. தேதியைத் தீர்மானிப்பது நிதியாண்டு, விளம்பர ஒப்பந்தம், பங்குதாரர்களுக்குக் கொடுத்த வாக்கு ஆகியவை. என் கையால் "வெளியிடத் தகுதியில்லை" என்று எழுதிக்கொடுத்த ஒன்று மறுநாளே வெளியானதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சைபர்பங்க் எழுதியவர்களுக்கு 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை கட்டாயமாக்கப்பட்டது. அப்படிக் கட்டாயப்படுத்தமாட்டோம் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் சொல்லியிருந்தார்கள். 2021 ஜனவரியில் நிறுவனர்களில் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி காணொலியில் தோன்றி, இதற்குப் பொறுப்பு நிர்வாகம்தான், குழுவினரைக் குறைசொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தாமதமாக வந்தாலும் அது சரியான பேச்சு. இரவு பகலாக உழைத்தவரைச் சோம்பேறி என்று நீ எழுதினால், முடிவெடுத்தவர் உன் கோபத்திலிருந்து தப்பித்துவிடுகிறார்.

[காலை 9.41] தம்பி: மன்னியுங்கள், அக்கா. இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. நேற்றிரவு அவர்களுடைய பக்கத்திலும் அப்படி எழுதிவிட்டேன். இப்போதே போய் நீக்கிவிடுகிறேன்.

[காலை 9.49] சித்தி: நல்லது, கண்ணா. ஆனால் எனக்கு ஒரு முடிவு வேண்டும். என் மகன் வேறொரு கேமை ப்ரீ-ஆர்டர் செய்யவேண்டும் என்று ஒரு வாரமாக என்னைத் துளைத்தெடுக்கிறான். இன்று இரவுக்குள் செய்தால்தான் ஏதோ சிறப்பு உடை கிடைக்குமாம். நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தபிறகு பணம் கட்ட எனக்குக் கை வரவில்லை. அவனையும் ஏமாற்றமடைய வைக்க மனமில்லை. என்ன செய்யட்டும்?

[காலை 9.53] தம்பி: அந்த உடை பிறகு எப்போதுமே கிடைக்காது, அம்மா. என் நண்பர்கள் எல்லாரும் முதல் நாளே விளையாடுவார்கள். நான் இரண்டு வாரம் கழித்து வந்தால் அதற்குள் கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள்.

[காலை 10.02] நான்: தம்பி, நண்பர்களோடு முதல் நாள் விளையாடுவதில் இருக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நானும் அதற்காகத்தான் நள்ளிரவு வரை விழித்திருந்தேன். ஆனால் ப்ரீ-ஆர்டர் என்பது ஏன் வந்தது என்று யோசித்துப் பார். கேம் வட்டில் விற்கப்பட்ட காலத்தில் கடையில் பிரதி தீர்ந்துவிடும், அதனால் பெயர் பதிந்து வைத்தோம். பதிவிறக்கும் கேமில் தீர்ந்துபோக என்ன இருக்கிறது? தீராத ஒன்றை அவசரப்படுத்தி விற்கத்தான் அந்த உடையை வைத்திருக்கிறார்கள். வெளியான பிறகு அதே நாள் மாலையில், நம்மைப் போன்ற சாதாரணக் கணினி வைத்திருப்பவர்கள் பதிவேற்றும் காணொலிகளைப் பார். நன்றாக ஓடினால் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். உனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் தாமதமாகும்.

[காலை 10.06] சித்தி: ஒரு மாலைப்பொழுது என்றால் சரி. காணொலியை நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். நன்றாக இருந்தால் அன்றே பணம் கட்டுகிறேன், இது என் வாக்கு.

[காலை 10.08] தம்பி: சரி அம்மா. அன்றைக்கே என்று எழுதியிருக்கிறீர்கள், தாத்தா சாட்சி.

[காலை 10.15] தாத்தா: சாட்சியாக இருக்கிறேன். பெரியவன் விஷயத்துக்கு வருவோம். பொருள் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவதுதானே முறை? நீ ஏன் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை?

[காலை 10.26] நான்: தயக்கமாக இருக்கிறது, தாத்தா. ஓடிய சில நிமிடங்களில் நான் பார்த்தது அவ்வளவு அழகாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு சந்தில், ஒவ்வொரு கதவுக்கும் வேறு வேறு மரவேலைப்பாடு செதுக்கியிருந்தார்கள். யாரோ ஒருவர் அந்தக் கதவுகளுக்காகவே மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தால் அவரையே நிராகரிப்பதுபோல் தோன்றுகிறது. முதல் பாகத்தை முடித்தபோது எனக்குப் பள்ளி வயது. அந்தக் கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள ஆறு ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, முதல் நாளே கைவிடுவதா என்று மனம் கேட்கிறது.

[காலை 10.33] அக்கா: கதவு செதுக்கியவருக்கு மாதச் சம்பளம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். உன் பணம் தங்கியிருப்பது, அவருக்கு இன்னும் நான்கு மாத அவகாசம் கொடுக்க மறுத்தவர்களிடம். எத்தனை நிமிடம் விளையாடியிருக்கிறாய் என்று முதலில் பார்.

[காலை 10.36] நான்: 94 நிமிடங்கள் என்று காட்டுகிறது. உண்மையில் விளையாடியது 40 நிமிடம்கூட இருக்காது. கேமைத் திறந்ததும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி ஷேடர்களை (படத்தின் ஒளி, நிழலை வரையும் சிறு நிரல்களை) தொகுக்கிறேன் என்று அரை மணி நேரத்துக்கு மேல் மெல்ல நகரும் ஒரு கோடு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. சர்வர் வரிசையில் நின்றதும் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

[காலை 10.44] அக்கா: அப்படியானால் கேமை இனி திறக்காதே. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2015 ஜூனிலிருந்து இருக்கும் விதி, வாங்கி 14 நாட்களுக்குள்ளும் விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குள்ளும் இருந்தால் காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. ப்ரீ-ஆர்டர் செய்தவர்களுக்கு அந்த 14 நாள் வெளியான தேதியிலிருந்துதான் தொடங்கும். நீ வாங்கிய கடையின் பக்கத்தைப் பார்த்தேன், அங்கேயும் கிட்டத்தட்ட அதே விதிதான். ஷேடர் தொகுக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் கழிந்துவிடும் என்பது 2023-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் கணினிப் பதிப்பு வந்தபோதே பலர் புகார் செய்த ஒன்று. உனக்கு இன்னும் 26 நிமிடம் மிச்சம் இருக்கிறது. இன்னொரு முறை திறந்தால் அதுவும் அந்தக் கோடு நகர்வதைப் பார்ப்பதிலேயே போய்விடும். ஆர்க்கம் நைட் கேம் நினைவிருக்கிறதா? அதே 2015 ஜூனில் கணினிப் பதிப்பு மோசமாக வந்தது. திருப்பிக் கொடுத்தவர்களும் புகார் எழுதியவர்களும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தில் சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்தி, அக்டோபர் வரை திருத்தினார்கள். மனத்துக்குள் வருந்துவதைவிட அது பயன் தந்தது.

[காலை 10.49] மாமா: உன் அக்கா சொல்வது சரிதான். நான் பொறுமையாக இரு என்று சொன்னதை இப்படி மாற்றிக்கொள்கிறேன், மருமகனே: பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பொறுமையாக இரு.

[காலை 11.20] நான்: விண்ணப்பித்துவிட்டேன். காரணம் எழுதும் பெட்டியில், எந்தக் காட்சியில் எத்தனை முறை நின்றுபோனது, என்ன கிராஃபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் எது என்பதையெல்லாம் அக்கா எழுதும் முறையிலேயே வரிசையாக எழுதினேன். கதவுகள் அழகாக இருந்தன என்பதையும் எழுதினேன். அதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் செதுக்கியவரிடம் சொல்லட்டும்.

[காலை 11.31] தாத்தா: நல்லது. இனி போய்த் தூங்கு.

[காலை 11.34] நான்: தூங்கப் போகிறேன், தாத்தா. கேமை நீக்கும்போது, விளையாடிய இடம் வரை சேமித்த சேவ் ஃபைலை வைத்துக்கொள்ளட்டுமா என்று கணினி கேட்டது. வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.